காக்கையும் பனம்பழமும்

எங்கள் குள்ளஞ்சாவடியில் ஒரு குழந்தைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை; பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. வைத்தியர் 'ஆட்டிஸம்' என்றார். காரணம் சொல்லவோ ஊரே திரண்டு வந்துவிட்டது! கிரகணத்தன்று தாயார் வெளியே வந்தாளாம். அதெல்லாம் இல்லை, தடுப்பூசிதான் என்றார் ஒருவர். (அவரும் என்னைப் போல் பட்டதாரியே!)

இந்த ஊசிக் கதை பிறந்த இடம் இங்கிலாந்து. 1998-ம் வருஷம் வேக்ஃபீல்ட் என்ற வைத்தியர் 12 குழந்தைகளை வைத்துக்கொண்டு 'லான்செட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையே அதற்கு வித்து. 2010-ல் பத்திரிகையே அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. 2019-ல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்தும் சம்பந்தம் ஏதும் தென்படவில்லை. ஆனால் வதந்தியை வாபஸ் வாங்குவார் யார்?

நம் தேசத்தில் இரண்டாவது தட்டம்மை ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள் போடப்படுகிறது. ஆட்டிஸத்தின் குறிகள் பெற்றோர் கண்ணில் படுவதும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது! உண்மையில், பெரும்பாலும் பரம்பரைக் கூறுகளே காரணம். மூளையின் அமைப்பில் அந்த வேற்றுமை கருவிலேயே தொடங்கிவிடுகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். தாயார் செய்த பிழை எதுவுமில்லை.

இதை நான் சொன்னபோது அந்த அம்மாள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, இளைய குழந்தைக்கு ஊசி போடாமல் நிறுத்தி வைத்திருந்த அட்டையை எடுத்து வந்து, "ஸார், சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள்?" என்று கேட்டாள்.