ஊர் கூடினால் பள்ளிக்கூடம் உயரும்!

ஆவடியில் ரெயில் ஏறி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் எல்லாம் தாண்டிப் போனால் கடம்பத்தூர் வரும். தமிழ்நாட்டுக் கல்விச் சரித்திரத்தில் இந்த ஊருக்கு ஒரு தனி இடம் உண்டு.

1958-ம் ஆண்டு, முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு இங்கேதான் நடந்தது. கடம்பத்தூர் அப்போது செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

காமராஜர் அப்போது முதல்-மந்திரி. நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி டைரக்டர். ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்கள் திறந்த காலம் அது. பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் பல பள்ளிகளில் உட்காரப் பலகை இல்லை. கரும்பலகை தேய்ந்து போயிருந்தது. கூரை ஒழுகியது. எல்லாவற்றையும் உடனே செய்ய சர்க்காரிடம் பணம் இல்லை.

1956-ல் மதிய உணவு தொடங்கியபோது, அரிசியும் பருப்பும் காய்கறியும் கொடுத்தவர்கள் ஊர் மக்கள். சர்க்கார் பிறகு செலவில் பங்கு ஏற்றது. சோறு போட்ட ஊர், பள்ளிக்குச் சுவரும் வைக்கும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது.

பட்டியல் செய்த வேலை

மாநாடு என்றால் வெறும் மேடைப் பேச்சு அல்ல. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முதலில் ஒரு பட்டியல் தயாராகும். மணி, கடிகாரம், தேசப்படம், பெஞ்சு, சுண்ணாம்பு அடித்தல், புதிய அறை. இப்படி ஒவ்வொன்றாக எழுதுவார்கள். பிறகு ஊரார் ஆளுக்கொன்றை ஏற்றுக்கொள்வார்கள். நிலம் உள்ளவர் நிலம் கொடுத்தார். பணம் இல்லாதவர் உடலுழைப்பைக் கொடுத்தார். கடம்பத்தூரைப் பார்த்துப் பல ஜில்லாக்களில் மாநாடுகள் நடந்தன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தலைமையாசிரியர் தனியாக வீடு வீடாகப் போய்க் கேட்டால், அது யாசகம். ஊர் கூடிய இடத்தில் பட்டியலைப் படித்தால், அது ஊரின் கடமை. யார் என்ன தந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியருக்கும் ஊரில் மதிப்பு கூடும்.

குறையும் இருந்தது. வசதியுள்ள ஊர் நிறையக் கொடுக்கும். ஏழை ஊர் எதைக் கொடுக்கும்? ஆகவே மக்கள் உதவி, சர்க்கார் செய்ய வேண்டியதற்கு மாற்று அல்ல. சம்பளமும் கட்டடமும் சர்க்காரின் பொறுப்புதான்.

இன்று என்ன நிலை?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி இன்று கிராமங்கள் அல்ல. அம்பத்தூரில் தொழிற்பேட்டை. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கம்பெனிகள். பல மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற வடமாநிலங்களிலிருந்தும் வந்து பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

சிக்கல் இங்கேதான். அன்று கிராமத்தில் பலதரப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்தார்கள். இன்று வசதியும் செல்வாக்கும் உள்ளவர்களில் பலர் தங்கள் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அரசுப் பள்ளிக்கு அனுப்புகிற தாயோ, வேலைக்குப் போனால்தான் அன்றைய கூலி. பள்ளிக்கூட்டம் பகலில் நடந்தால் அவள் எப்படி வருவாள்?

சட்டம் தந்த உரிமை

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும், வரும் பணம் சரியாகச் செலவாகிறதா என்று கவனிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் இவர்கள் வேலை.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 2022-ல் புதிதாக அமைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் உதவ ‘நம்ம ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது.

கடம்பத்தூரில் மனம் இருந்தது, சட்டம் இல்லை. இன்று சட்டம் இருக்கிறது. கூடும் மனம் வேண்டும்.

தலைமையாசிரியருக்குத் துணை

ஒரு நல்ல தலைமையாசிரியர் வந்தால் பள்ளி நிமிர்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் மறுபடி சாய்கிறது. பல ஊர்களில் இதுதான் கதை. பட்டியலும் கணக்கும் அவர் ஒருவர் மேஜையில் மட்டும் இருப்பதே காரணம். குழுவின் கையிலும் இருந்தால், யார் மாறினாலும் வேலை நிற்காது.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில் கூட்டம் வைக்கலாம். தேவைப் பட்டியலையும் வரவு செலவையும் பள்ளி வாசலில் எழுதிப் போடலாம். தச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பெஞ்சைப் பழுது பார்க்கலாம். ஓய்வு பெற்ற தொழிற்சாலை ஊழியர் மின்விசிறியைச் சரி செய்யலாம். தமிழ் தெரியாத தாய்க்குப் பக்கத்து வீட்டுப் பெண் விஷயத்தைச் சொல்லி, கூடவே அழைத்து வரலாம்.

எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் ஊரார் நுழைய முதல் கேள்வி ஒன்றுதான்: “அடுத்த கூட்டம் எப்போது?” நாளைக் காலை பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போதே அதைக் கேட்டுவிடலாம்.