சேர் இடமாற்றத்தில் போனால் கணினியும் மொழி மறக்க வேண்டுமா?

கணினி அறை மெஷினை போமட் அடித்து எடுத்து வருகிறோம். புது வின்டோஸ், வேகமும் பரவாயில்லை. போன தவணை வினாத்தாளைத் திறந்தால் தமிழைக் காணோம். ஜே, கே, பீ, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி. பாமினியில் 'தமிழ்' என்ற சொல்லே அப்படித்தான் சேமிக்கப்படுகிறது. அந்த எழுத்துரு மெஷினில் இருக்கும்வரைதான் அது தமிழ். ருவான்வெல்லைப் பக்கம் தமிழ்மொழிப் பாடசாலைகளில் படிப்பிக்கிற எங்களுக்கு இது பழகிப்போன தலையிடி. மற்ற வலயங்களிலும் இதே கதைதான் என்று நினைக்கிறோம்.

உடனே ஐசிடி சேருக்கு கோல் எடுப்போம். அவர் இடமாற்றம் கிடைத்து வேறு மாவட்டத்தில் இருப்பார். எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை, பிரின்டருக்கு எந்த டிரைவர், எல்லாம் அவர் தலையோடு போய்விட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டோம். எழுதி வைக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் இதற்கொரு நல்ல பழக்கம் இருக்கிறது. யுனிக்ஸ், லினக்ஸில் பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் சாதாரணப் பட்டியலில் தெரியாது. பல நிரல்கள் நம் விருப்ப அமைப்புகளை அவற்றில்தான் வைக்கின்றன. 'டொட்ஃபைல்ஸ்' என்பார்கள். அவற்றை ஒரே ஃபோல்டரில் திரட்டி, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய கிட் மூலம் பாதுகாக்கிறார்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகும், பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும். புது மெஷின் வந்தால் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டுவார்கள். அது நிரல்களை நிறுவி, அமைப்புகளை அதனதன் இடத்தில் வைத்துவிடும். இரண்டாம் தரம் ஓட்டினாலும் எதையும் குழப்பாதபடி எழுதுவதுதான் இதில் கெட்டித்தனம்.

நாங்கள் லினக்ஸுக்கு மாறச் சொல்லவில்லை. வின்டோஸிலேயே வின்கெட் இருக்கிறது. 'வின்கெட் எக்ஸ்போர்ட்' கொடுத்தால் அதற்குத் தெரிந்த நிரல்களின் பட்டியலை ஒரு கோப்பாகத் தரும். புது மெஷினில் 'வின்கெட் இம்போர்ட்' கொடுத்தால் இணையத்திலிருந்து இறக்கி நிறுவும். (கடையில் 'சும்மா' போட்டுத் தந்த ஒபிஸ் இதில் வராது, அது வேறு கதை.) கூடவே எழுத்துருக்கள், பிரின்டர் டிரைவர், வேர்ட் தன் வழமையான அமைப்பை வைத்திருக்கும் நோர்மல் டெம்ப்ளேட் கோப்பு, ஒரு பக்கக் குறிப்பு. இவ்வளவும் ஒரு பென் டிரைவில் அடங்கும்.

முழு டிஸ்கையும் இமேஜ் எடுத்தால் போதாதா என்பார்கள். எடுக்கலாம். ஆனால் அது பெரிய மூட்டை. உள்ளே என்ன, ஏன் இருக்கிறது என்று அடுத்து வரும் டீச்சருக்குத் தெரியாது. எழுத்தில் இருக்கும் பட்டியலை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம். அதேநேரம், வீட்டில் ஒரேயொரு லெப்டொப் வைத்திருப்பவருக்கு ஸ்கிரிப்ட் தேவையில்லை, கொப்பியில் ஒரு பக்கம் எழுதி வைத்தாலே போதும். பத்துப் பதினைந்து மெஷின் உள்ள அறைக்குத்தான் இந்தப் பாடு.

கடவுச்சொற்களையும் பிள்ளைகளின் புள்ளிகளையும் இந்த ஃபோல்டரில் போடவே கூடாது. ஒரு பிரதி பாடசாலைக்கு வெளியிலும் இருக்க வேண்டும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியதைப் பார்த்த ஊரார் நாம். தண்ணீர் அலுமாரியைப் பார்த்து ஒதுங்கிப் போகாது.

பாமினியையும் எத்தனை காலம் சுமப்பது? தமிழ் யுனிகோடுக்கு இலங்கைக்கென்றே எஸ்எல்எஸ் 1326 தரநிலை 2008இல் வந்துவிட்டது, ரெங்கநாதன் விசைப்பலகையோடு. பழைய வினாத்தாள்களைத் திறக்க பாமினி ஃபோல்டரில் இருக்கட்டும். புதிய தாள்களை யுனிகோடில் அடிப்போம்.

வருகிற தவணை விடுமுறையில் ஒரு மெஷினில் செய்து பார்க்கப்போகிறோம், இன்ஷா அல்லாஹ். ஏற்கெனவே ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கும் ஐசிடி ஆசிரியர்கள் இன்பொக்ஸில் வாருங்கள்.