கூரை ஒழுகும்போது கேத்திரகணிதம் எதற்கு?



போன கிளைக் கமிட்டிக் கூட்டத்தில் எனக்குப் பேசக் கிடைத்தது ஐந்து நிமிடம். பாடசாலைக் கணினி அறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும், கணித ஆசிரியர்களுக்குக் கேத்திரகணித மென்பொருளைத் தமிழில் பழக்க வேண்டும், இந்த இரண்டையும் நமது மகஜரில் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். தலைவர் எழுந்தார். "டீச்சர், ஸ்கூல் கூரை ஒழுகுது, கக்கூசுக்குக் கதவு இல்ல. நீங்க கம்பியூட்டர்ல கோடு போட்டு விளையாடணும்ங்கிறீங்க. நம்ம புள்ளைங்களுக்கு இது எதுக்கு?" என்றார். பத்துப் பேர் கைதட்டினார்கள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

தலைவர் மீது எனக்கு மரியாதை உண்டு. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு என் அப்பாவுக்கு வேலை மறுத்தபோது, காரியாலய வாசலில் மூன்று நாள் நின்று அவரை மீண்டும் வேலைக்குச் சேர்த்தவர் அவர். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி எனக்குப் பழக்கமானது. "எல்லாம் படிச்சா கொழுந்து பறிக்க யாரு?" என்று பழைய துரைமார் கேட்டதும் இதே கேள்விதான். துரை கேட்டால் கோபப்படுகிறோம். நம் தலைவர் கேட்டால் கைதட்டுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் லயத்தில் பிறந்து குப்பி விளக்கில் படித்தவள். தேற்றங்களைப் பாட்டுப்போல நெட்டுருப் போட்டேன். வட்டத்தின் வில் மையத்தில் எதிரமைக்கும் கோணம், அதே வில் பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏன் இருமடங்கு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சித்தி வந்தது, ஆசிரியையானேன், அதையே பிள்ளைகளுக்கும் செய்தேன். கரும்பலகையில் ஒரு வட்டம், பக்கத்தில் தேற்றம், "எழுதிக்கிட்டு நாளைக்குப் பாடமாக்கிட்டு வாங்க." எட்டு வருடம் இப்படித்தான் படிப்பித்தேன். கணிதத்தில் சித்தியில்லாவிட்டால் உயர்தர வகுப்பின் வழமையான கதவு மூடிக்கொள்ளும். அந்தக் கதவுக்கு வெளியே நின்ற பிள்ளைகளில் சிலர் இன்று கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு மண்டையில் ஏறவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

2020 இல் பாடசாலைகள் மூடிய காலத்தில்தான் ஜியோஜீப்ரா என் போனுக்கு வந்தது. ஒஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வாட்டர் என்ற மாணவர் 2001 அளவில் தன் பட்ட ஆய்வுக்காகச் செய்யத் தொடங்கிய மென்பொருள் அது. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா இல்லாமலே வேலை செய்யும். சிக்னல் கிடைக்க மலையுச்சிப் பாறைக்கு ஏற வேண்டிய நமக்கு இது சின்ன விஷயமல்ல.

பழக்கிக்கொடுக்க ஆளில்லை. தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்தேன். அவர்கள் ஆரம் என்பது நமது பாடநூலில் ஆரை, முக்கோணம் என்பது நமக்கு முக்கோணி என்று பிடிபடவே ஒரு வாரம். பிறகு ஒரு ராத்திரி பெரிய உற்சாகத்தோடு நான்கு புள்ளி வைத்து, கோடுகளால் இணைத்து ஒரு சதுரம் வரைந்தேன். பார்க்க அச்சுப்போல இருந்தது. ஒரு மூலையை விரலால் இழுத்தேன், சதுரம் கோணல்மாணலாகப் போனது. போனில்தான் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப வரைந்தேன். மூன்று நாளைக்குப் பிறகுதான் விளங்கியது. நான் சதுரம் அமைக்கவில்லை, சதுரம்போலத் தெரியும் ஒன்றை வைத்திருந்தேன். மந்திரி வருகிறார் என்று முன்பக்கம் மட்டும் வெள்ளையடித்த லயம் மாதிரி. ஒரு பக்கத்தை எடுத்து, அதன் இரு முனையிலும் செங்குத்து நிறுத்தி, அதே நீளத்தை ஆரையாகக் கொண்டு வட்டம் வெட்டி அமைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தின் எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் பெரிதாகும், சிறிதாகும், திரும்பும், சதுரமாகவே இருக்கும். சதுரத்தைச் சதுரமாக வைத்திருப்பது எது என்று முப்பது வயது தாண்டி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வகுப்பில் முப்பத்துநான்கு பிள்ளைகள். என்னிடம் ஒரு பழைய மடிக்கணினி, என் போன், இரண்டு பெற்றார் தந்துவிட்ட போன்கள். தரம் 11க்கு நடுப்புள்ளித் தேற்றம் வந்தபோது, ஏதாவது ஒரு நாற்பக்கல் வரைந்து நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணைக்கச் சொன்னேன். உள்ளே ஓர் இணைகரம் வந்தது. வெளி மூலையை இழுக்கச் சொன்னேன். இழுத்தார்கள், உள்ளே இருப்பது இணைகரமாகவே நின்றது. பின்வாங்கில், வருடம் முழுதும் வாய் திறக்காத ஒரு பிள்ளை மூலையை உள்ளே அமுக்கி நாற்பக்கலை அம்புமுனைபோல ஆக்கினாள். அப்போதும் இணைகரம். பிறகு பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டும்படி முறுக்கினாள். அப்போதும் இணைகரம். "டீச்சர், இது எப்பவுமே வருமா, இல்ல நாம இழுத்த இடத்துல மட்டும் வருதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியாது. முறுக்கிய நாற்பக்கலை நான் நினைத்தே பார்த்ததில்லை. "தெரியலம்மா, பார்ப்போம்" என்றேன்.

ஆயிரம் தடவை இழுத்தாலும் அது நிறுவல் ஆகாது. அதைப் பிள்ளைகளே உணர்ந்தார்கள். மூலைவிட்டம் ஒன்று போட்டுப் பார்க்கலாமா என்று ஒருவன் கேட்டான். போட்டார்கள். இரண்டு முக்கோணி, இரண்டிலும் நடுப்புள்ளித் தேற்றம். எதிர்ப்பக்கங்கள் இரண்டும் அந்த மூலைவிட்டத்துக்குச் சமாந்தரம், இரண்டும் அதில் பாதி நீளம். அம்புமுனைக்கும் முறுக்கியதற்கும் அதே நிறுவல் போதும். பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் வரிஞோன் கண்டது இது. அவர் இறந்த பிறகு 1731 இல் அச்சில் வந்தது. நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் அதுவரை தெரியாது. மணியடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. என் பதினோரு வருட வேலையில் பிள்ளைகள் தாங்களாக நிறுவல் கேட்டது அதுதான் முதல் தடவை.

தலைவர் விளையாட்டு என்றது இதைத்தான்.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். அந்த மோகத்தில் மூன்று வாரம் கவராயத்தையே மறந்துவிட்டேன். தவணைப் பரீட்சையில் பிள்ளைகள் வெட்டிய வில்களைப் பார்த்துத் தலையில் கைவைத்தேன். பரீட்சை மண்டபத்தில் போன் கிடையாது, பென்சிலும் கவராயமும்தான். இப்போது திரையில் பார்த்ததை அன்றைக்கே கொப்பியில் கவராயத்தால் அமைக்க வேண்டும் என்பது வகுப்புச் சட்டம்.

இனிப் பூட்டுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் பத்துக் கணினிகள் இருக்கின்றன. வாசலில் கொடுத்தவர் பெயர் பொறித்த பலகை. உள்ளே பிளாஸ்டிக் உறை. சாவி அதிபரின் அலுமாரியில். அதிபரையும் முழுதாகக் குறைசொல்ல முடியாது. ஒன்று பழுதானால் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர், சம்பளத்தில் கை வைப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. ஆகையால் கணினிகள் புதிதாகவே இருந்து பழையதாகின்றன. ரிப்பன் வெட்டின போட்டோவில் நம் சங்கக்காரர்களும் நிற்கிறார்கள் என்பதை எழுதாமல் விட்டால் நான் நேர்மையானவள் அல்ல. போட்டோ எடுத்தோம், சாவி யாரிடம் என்று கேட்கவில்லை.

கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள் என்று கொதிக்கிறோம். நம் பிள்ளைகளுக்குக் கல்வியில் தலைமுறை தலைமுறையாக அரைப்பேர்தான் போடுகிறார்கள். தோட்ட நிர்வாகத்தின் கையில் பாடசாலை இருந்த காலத்தில் பெயரெழுதப் படித்தால் போதும் என்றார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்கம் பொறுப்பெடுத்தது, பாடநூல் வந்தது, சீருடை வந்தது. ஏன் என்று கேட்டுப் படிக்கும் படிப்பு மட்டும் நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு நின்றுவிட்டது. நமக்கு நெட்டுரு.

கூரை முதலில், கணினி பிறகு என்கிறார்கள். 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு எத்தனை வருடம் தெருவில் நின்றோம்? 2021 இல்தான் வர்த்தமானியில் வந்தது. அதுவரை குடிதண்ணீர், மலசலகூடம், பிள்ளை மடுவம் எதையும் கேட்காமலா இருந்தோம்? ஒரே மகஜரில் எல்லாவற்றையும் எழுதினோம். கூரைக்கு அடுத்த வரியில் கணினி அறைச் சாவியை எழுதப் பேனை மறுக்காது. கூரை ஒழுகும் அறையில் மின்சாரக் கணினி ஆபத்து என்று ஒரு தோழர் சொன்னார். சரியான பேச்சு. அதனாலேயே இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன்.

ஒரு சம்பவம். நம் சங்க அங்கத்தவர் அக்கா ஒருவர், மலையிலிருந்து இறங்கிய கையோடு, மகளின் மாதிரிப் பரீட்சைப் புள்ளி கேட்க வந்தார். அப்போது பிள்ளைகள் காணி அளந்துகொண்டிருந்தார்கள், திரையில்தான். 7 பேர்ச் காணியில் தனி வீடு என்று பேசத் தொடங்கியதிலிருந்து அது எல்லா லயத்திலும் பேச்சு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 7 பேர்ச்சைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 43 அடி 8 அங்குலம். பக்க நீளத்தை மாற்றாமல் மூலையை மட்டும் சாய்த்தார்கள். கோணம் 60 பாகைக்கு வந்தபோது பரப்பளவு 6 பேர்ச்சுக்குச் சற்று மேல். 45 பாகையில் 5 பேர்ச்கூட இல்லை. அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்ட வந்தார். "கம்பி குறையல, நிலம் குறையுதே!" என்றார். அவருடைய தம்பிக்குக் கிடைத்த காணியை நாலு பக்கமும் நாடா பிடித்துத்தான் சரிபார்த்தார்களாம், மூலையை யாரும் பார்க்கவில்லையாம். அங்கே குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும் என்று அந்த மகள் தன் மாமாவிடம் போய்ச் சொன்னாள்.

இதைச் சொன்னதும் சிலர், "அப்படின்னா சரி, பிரயோசனம் இருக்கே" என்கிறார்கள். எனக்கு அதிலும் ஒரு கசப்பு. நகரத்துப் பிள்ளை வரிஞோனின் இணைகரத்தை ரசிக்கும்போது பிரயோசனம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளை மட்டும் காணி அளந்து காட்டினால்தான் அனுமதியா?

இலவசம் என்பதையும் நம்பி உட்கார வேண்டாம். அந்த மென்பொருளை 2021 இல் இந்தியாவின் ஒரு பெரிய கல்விக் கம்பெனி வாங்கியது. கம்பெனிகளின் குணம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்குக் கிடைப்பதை இறக்கி, ஒவ்வொரு பாடசாலைக் கணினியிலும் இணையமில்லாமல் ஓடும்படி ஏற்றிவைக்க வேண்டும். பயிற்சியை ஞாயிற்றுக்கிழமையில் ஆசிரியரின் சொந்தச் செலவில் வைக்காமல், கடமை லீவோடு, தமிழில், நம் வலயத்துக்குள் வைக்க வேண்டும். பிள்ளை பாவித்துப் பழுதான கணினிக்கு அதிபரோ ஆசிரியரோ பணம் கட்டத் தேவையில்லை என்று எழுத்தில் வேண்டும். அது வந்தால் பாதிப் பூட்டு தானாகத் திறக்கும். சங்கத்துக்கும் ஒரு வேலை: இந்த மே தினத்துக்குத் தலைவர்களின் படம் போட்ட பதாகையை ஒன்று குறைத்து, சந்தாப் பணத்தில் பாவித்த மடிக்கணினி இரண்டு வாங்கிக் கொடுக்கலாம். பெயர்ப்பலகை வேண்டாம்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு என் போனைக் கொண்டுவருகிறேன். தலைவர் நாற்பக்கலின் ஒரு மூலையைப் பிடித்து, விரும்பிய பக்கமெல்லாம் இழுத்துப் பார்க்கட்டும். தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன், நானே முன்மொழிவேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.