கட்டத்தை மனப்பாடம் பண்ணு!

பி.காம் படிக்கிறவனுக்கு சைன் இன்வர்ஸ் மேல என்ன அக்கறைன்னு கேக்காதீங்க. ப்ளஸ் டூல ஃபர்ஸ்ட் குரூப் எடுத்துட்டு இந்தப் பக்கம் வந்தவன் நான். இப்ப பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கணக்கு சொல்லித் தர்றேன். அவனோட டியூஷன் நோட்டைப் பார்த்ததுல இருந்து வயித்தெரிச்சல்.

நோட்டுல ஒரு கட்டம். சைன் இன்வர்ஸுக்கு -90 டிகிரி முதல் 90 வரை. காஸ் இன்வர்ஸுக்கு 0 முதல் 180. டேன் இன்வர்ஸுக்கு -90க்கும் 90க்கும் நடுவுல. கீழ சிவப்பு மையில "மனப்பாடம் பண்ணு". ஏன்னு ஒரு வரி கிடையாது. கேட்டா போர்ஷன் முடிக்கணுமாம்.

ரெண்டு நிமிஷம் போதுமே சாமி! சைன் 30 அரை. சைன் 150ம் அரை, 390ம் அரை. அப்ப "எந்தக் கோணத்துக்கு சைன் அரை?"ன்னு திருப்பிக் கேட்டா பதில் வந்துக்கிட்டே இருக்கும். பேங்க்ல "500 ரூபா பேலன்ஸ் யாருக்கு?"ன்னு கேட்டா நூறு பேர் கை தூக்குற கதைதான். சார்புன்னா ஒரு கேள்விக்கு ஒரே பதில். அதனால கோணங்கள்ல ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தாங்க. அதுல -1 முதல் 1 வரை எல்லா மதிப்பும் வரணும், எதுவும் ரெண்டு தடவை வரக்கூடாது.

காஸுக்கும் அதே -90 முதல் 90ஐ வெட்டினா? 60க்கும் அரை, -60க்கும் அரை. மைனஸ் மதிப்பு ஒண்ணு கூட வராது. அதான் 0 முதல் 180. இதைப் படம் போட்டுக் காட்டினதும், டேனுக்கு 90ஐ ஏன் சேர்க்கலைன்னு தம்பியே சொல்லிட்டான்.

கட்டம் மட்டும் தெரிஞ்சவன் என்ன பண்றான்? சைன் இன்வர்ஸ் (சைன் 150)னு பார்த்ததும் ரெண்டையும் அடிச்சுட்டு 150ன்னு எழுதறான். விடை 30. நம்பலைன்னா எக்ஸெல்ல 4 ரேடியனுக்கு காஸ் எடுத்து, வந்ததுக்கு காஸ் இன்வர்ஸ் போட்டுப் பாருங்க. 4 வராது, 2.283 வரும். 4 ரேடியன் 180 டிகிரியைத் தாண்டினது, அதனால அதே காஸ் இருக்குற உள்ளூர் ஆளைப் பிடிச்சுக் கொடுக்குது.

இன்னொண்ணு, இந்தத் துண்டு நாம தேர்ந்தெடுத்ததுதான், வானத்துல இருந்து விழுந்ததில்லை. செக் இன்வர்ஸுக்கு நம்ம ப்ளஸ் டூ புத்தகம் 0 முதல் 180, நடுவுல 90 மட்டும் கிடையாது. அமெரிக்காவுல ரொம்பப் பேர் படிக்கிற ஸ்டீவர்ட்டோட கால்குலஸ் புத்தகம் 0 முதல் 90க்குள்ள ஒரு துண்டு, 180 முதல் 270க்குள்ள இன்னொண்ணுன்னு எடுக்குது. அப்படி எடுத்தா வகைக்கெழுவுல மாடுலஸ் போட வேண்டியதில்லை. நம்ம கட்டத்தை உருப்போட்ட பையன் அந்தப் பக்கத்தைப் பார்த்தா அச்சுப்பிழைன்னு பென்சில்ல திருத்தி வெப்பான் :-)