வாப்பாவுக்குத் தெரியாமல் பறந்த பெண்



தரம் இரண்டில் லுத்பியா அந்நாதியின் கதை சொன்னேன். மறுநாள் ஒரு வாப்பா வந்தார். "டீச்சர், அந்தப் பொம்புள வாப்பாக்குத் தெரியாம பிளேன் ஓட்டப் படிச்சவவாம். சின்னப் புள்ளையளுக்கு இதயா சொல்லிக் குடுக்கிற?"

உண்மைதான். கெய்ரோவில் பிறந்த லுத்பியா வாப்பாவுக்கு மறைத்துத்தான் படித்தார். பயிற்சிக் கட்டணத்துக்காக அந்தப் பயிற்சிப் பள்ளியிலேயே தொலைபேசி வேலை செய்தார். 1933இல் எகிப்தின் முதல் பெண் விமானியானார். கோபித்த வாப்பா பிறகு மகள் ஓட்டிய விமானத்தில் ஏறிப் பிரமிட்டுகளை மேலிருந்து பார்த்தார்.

மறைத்தது சரி என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மகளைக் குறை சொல்லுமுன், அவர் ஏன் மறைக்க நேர்ந்தது என்று யோசித்தீர்களா?

"ஓஎல் முடியட்டும், பிறகு சொல்லலாம்" என்கிறார்கள் சிலர். கதை சொல்லுமுன் வகுப்பில் கேட்டேன்: "யாருக்கு பைலட்டாக விருப்பம்?" ஆண் பிள்ளைகள் மட்டும் கை தூக்கினார்கள். ஏழு வயதிலேயே எங்கள் பெண் பிள்ளைகள் அது தங்களுக்கில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். இன்னும் ஒன்பது வருடம் காத்திருந்து யாருக்குச் சொல்வது?

கதை முடிந்ததும் ஒரு சின்ன மகள் கேட்டாள்: "வாப்பாட்ட கேட்டுட்டுப் படிக்க ஏலாதா டீச்சர்?"

ஏலும் மகள் என்றேன். என்னைப் பொய்யாக்கிவிடாதீர்கள், வாப்பாமாரே.