பலகையில் வாழ்நாள் கல்வி, வாசலில் ‘யார் சார் நீங்க?’

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஒன்றின் மீது மட்டும் எனக்குக் கோபம் என்று ஆகிவிடும். போன மாதம் ஒரு காலை பஸ் பிடித்து அங்கே போனேன். எங்கள் கிராமத்துக் கோயில் கல்வெட்டு ஒன்று ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதியில் அச்சாகியிருப்பதாகக் கேள்வி. அதைப் பார்க்க வேண்டும், முடிந்தால் யாரிடமாவது பொருள் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் பெரிய பலகை: ‘வாழ்நாள் கற்றல் துறை’. மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. நூலக வாசலில் காவலர் தம்பி கேட்டார், “ஸ்டூடண்டா சார், ஸ்டாஃபா?” “ரெண்டும் இல்லப்பா, பென்ஷனர்.” அந்தத் தம்பியின் பட்டியலில் அப்படி ஓர் இனம் இல்லை. உள்ளே கேட்டுவிட்டு வந்து, வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அவர் மேல் வருத்தம் இல்லை.

சரி, நம்மைப் போன்றவர்களுக்காகத்தானே அந்தத் துறை என்று பலகைக்குக் கீழே போய் நின்றேன். அங்கிருந்த அம்மணி ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்தார். ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகள்: அழகுக்கலை, டேலி, ஜி.எஸ்.டி. கணக்கு, டிஜிட்டல் மார்க்கெட்டிங். ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டணம். “இதுல எது வேணும் சார்?” என்றார். எழுபத்து மூன்று வயதில் நான் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படித்து எதை விற்பது? கல்வெட்டு என்றேன். “அதெல்லாம் இங்க இல்லையே சார், வேலைக்கு உதவுற கோர்ஸ் மட்டும்தான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. அழகுக்கலையோடும் டேலியோடும் இல்லை. அந்தச் சான்றிதழால் ஒரு பெண் பிழைப்பு நடத்தினால் நல்லதுதான். ஆனால் அதற்கு வேலைப் பயிற்சி என்று பெயர். வாழ்நாள் கல்வி என்று எழுதிவிட்டு, வாழ்நாளில் சம்பாதிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

நான் ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டராக வேலை பார்த்தவன். அஞ்சல்வழிக் கல்வி என்றால் மற்றவர்களுக்கு விளம்பரம். எனக்கு அது பை. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே தொடங்கிவிட்டது. நம் பக்கம் மதுரை 1971-ல், அண்ணாமலை 1979-ல். சீசன் வந்தால் அந்தப் பாடக் கட்டுகளே தனியாகப் பை பையாக வரும். இரவு வண்டியில் நின்றுகொண்டு பிரிக்கும்போது முகவரிகளைப் படிக்காமல் இருக்க முடியாது. கண்டக்டர், பஸ் டிப்போ. செவிலியர் விடுதி. இரண்டாம் நிலை ஆசிரியர், ஏதோ ஒரு மலைக்கிராமம். கணவர் பெயரையும் சேர்த்து எழுதிய எத்தனையோ பெண்கள். கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களைத் தேடிக் கல்லூரி பையில் ஏறிப் போனது. நானும் அப்படி ஒரு கட்டுக்குக் காத்திருந்து பி.ஏ. வரலாறு முடித்தவன்தான். எனக்கு வர வேண்டிய கட்டை நானே பிரித்துப் பையில் போட்ட இரவும் உண்டு.

இந்த யோசனையைப் பெரிய அளவில் செய்து காட்டியது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். ஹெரால்டு வில்சன் 1963-ல் பேச, ஜென்னி லீ என்ற அமைச்சர் பிடிவாதமாக நின்று 1969-ல் சாசனம் வாங்கித் தந்தார். 1971-ல் பாடம் தொடங்கியபோதே 20,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். முன் தகுதி எதுவும் கேட்கவில்லை. பாடம் தபாலில் வரும், பி.பி.சி.யில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் விரிவுரை ஓடும். தொடங்குமுன் பைத்தியக்கார யோசனை என்று ஏசியவர்கள் உண்டு. நம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ல் வந்ததற்கும் அதுதான் முன்மாதிரி.

அங்கேயே பின்னால் என்ன நடந்தது தெரியுமா? ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர் அதே நிலையிலோ அதற்குக் கீழோ இன்னொன்று படித்தால், சில துறைகள் தவிர, அரசு மானியம் கிடையாது என்று 2008-ல் கொண்டுவந்தார்கள். 2012-ல் கட்டணம் பல மடங்கு ஏறியது. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிப்பவர்களின் எண்ணிக்கை சரிந்தது. ஒருவனுக்கு ஒரு பட்டம் போதும், அதற்கு மேல் படிப்பது சொந்தச் செலவில் ஆசை என்ற கணக்கு. கணக்கு எழுதியவர்களைக் கேட்டால் நியாயமாகத்தான் பதில் சொல்வார்கள். நம் பக்கத்து வீட்டு நண்பரும் அதையேதான் கேட்டார்: “ஓய், சின்னப் பசங்களுக்கே சீட் இல்ல. உம்மப் படிக்க வச்சு ஊருக்கு என்ன லாபம்?”

நல்ல கேள்வி. இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.

நான் சீட் கேட்கவில்லை. எந்தப் பையனுடைய இடத்தையும் பிடுங்கவில்லை. நூலகத்தில் ஒரு நாற்காலி, வகுப்பில் கடைசி பெஞ்சு, மாலையில் பூட்டிக் கிடக்கும் அறைகளில் ஒன்று. இதற்குத் தேர்வு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், சான்றிதழை மாட்ட என் வீட்டுச் சுவரில் இடமும் இல்லை. பிரான்ஸில் துலூஸ் பல்கலைக்கழகம் 1973-ல் இதைத்தான் செய்தது. பியேர் வெல்லாஸ் என்ற பேராசிரியர், ஓய்வு பெற்ற உள்ளூர்க்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ என்று அதற்குப் பெயர். அங்கிருந்து அது பல நாடுகளுக்குப் பரவியது.

அடுத்தது ஊருக்கு என்ன லாபம் என்பது. அந்தக் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நிலம் வரும், ஏரி வரும், கலிங்கு, தூம்பு, வாய்க்கால் எல்லாம் வரும். மா, காணி, முந்திரி என்று அளவு வரும். இருபது வயதுப் பிள்ளைக்கு கிரந்த எழுத்து படிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கு அது தெரியாது. ஆனால் தூம்பை அடைக்க முக்குளித்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். கமலையில் மாடு பின்னால் நடப்பதைப் பார்த்தவன் நான். மாவுக்கும் காணிக்கும் கணக்கு என் தாத்தா வாயால் கேட்டது: இருபது மா ஒன்று, நாலு காணி ஒரு மா. அந்தப் பிள்ளையும் நானும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் வேலை நடக்கும். என்னை வெளியே நிறுத்துவதால் நஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று அந்த நூலகர் நினைத்தால் அது தப்புக் கணக்கு.

இது ஏதோ கிழவனின் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவே 1977-ல், கற்பித்தல், ஆராய்ச்சி இரண்டோடு சமூகத்துக்குள் போய்ப் பணியாற்றுவதையும் மூன்றாவது கடமை என்று ஏற்றுக்கொண்டது. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்த மால்கம் ஆதிசேஷையா 1975 முதல் சில ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த காலம் அது. ‘வயது வந்தோர் மற்றும் தொடர் கல்வித் துறை’ என்று பல்கலைக்கழகங்களில் பார்த்திருப்பீர்களே, அந்த வழியில் வந்ததுதான். பிறகு பல இடங்களில் பெயரை வாழ்நாள் கற்றல் என்று மாற்றிக்கொண்டார்கள். பலகை மட்டும் பெரிதாகிவிட்டது.

சென்னையில் கன்னிமரா இருக்கிறது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, அங்கே போகலாமே என்று எழுதுவீர்கள். போகலாம். முழங்கால் ஒத்துழைத்தால் போகிறேன். எல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறது என்றும் ஒருவர் எழுதுவார். கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணுக்குச் செல்போனில் கல்வெட்டுத் தொகுதியைப் படிக்க முடிந்தால் அவரே வந்து படித்துக் காட்டட்டும். தவிர, புத்தகம் பாதிதான். சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் இருப்பது பல்கலைக்கழகத்தில்.

நம் தலைமுறையையும் விடுவதாக இல்லை. உண்மையைச் சொன்னால் நான் பி.ஏ. படித்தது வரலாற்று ஆசையால் இல்லை. இலாகா பரீட்சை எழுத, இரண்டு இன்கிரிமென்ட் முன்னே போக. தேர்வு முடிந்த அன்றைக்கே கட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். பட்டம் என்றால் பதவி உயர்வு என்று பல்கலைக்கழகத்துக்குப் பழக்கிக்கொடுத்தவர்களே நாம்தான். பாக்கி பேருக்கு ஓய்வு பெற்ற மறுநாள் புத்தகம் என்றாலே அலர்ஜி.

விதிவிலக்காக ஒருவரைத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், கடைநிலை ஊழியர். திறந்தநிலை முறையில் நேராகத் தமிழ் எம்.ஏ. முடித்தார். முதல் பட்டம் இல்லாமல் வாங்கும் முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அலுவலகத்தில் கேலி செய்தார்கள். வேலைக்குத் தகுதி என்று வரும்போது அப்படி ஒரு வரிசை வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. அவர் கேலி செய்தவர்களிடம் கேட்டாராம்: “நான் படிச்ச சிலப்பதிகாரமும் செல்லாதுன்னு தீர்ப்புல இருக்கா?” இன்றைக்கும் மாலையில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து அவர்தான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். ‘வாழ்நாள் கற்றல் துறை’ என்று பலகை எழுத வேண்டுமானால் அவர் வீட்டுத் திண்ணையில் எழுதலாம்.

பதிவாளருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அறுபது வயதுக்கு மேற்பட்ட உள்ளூர்க்காரர்களுக்கு நூலக வாசகர் அட்டை, ஆசிரியர் சம்மதித்தால் வகுப்பில் கேட்க மட்டும் அனுமதி, நூலகத்தின் ஐந்து படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம். ஆண்டுக்கட்டணம் நியாயமாக எது சொன்னாலும் கட்டத் தயார் என்றும் எழுதினேன். பதிவுத் தபால்தான் 2025 செப்டம்பரோடு ஸ்பீடு போஸ்டில் கரைந்துவிட்டதே, அதனால் ஸ்பீடு போஸ்ட். மறுநாளே பட்டுவாடா ஆகிவிட்டது என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது. என் பழைய இலாகா தன் வேலையைச் செய்துவிட்டது. மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் போகிறேன். நம் பக்கத்துக்காரர்கள் வருவதானால் புதுப் பஸ் ஸ்டாண்டில் ஒன்பதேகாலுக்கு நிற்கவும். ஆதார் நகலும் குடிக்கத் தண்ணீரும் எடுத்து வாருங்கள். அங்கே எவ்வளவு நேரம் உட்காரவைப்பார்கள் என்று சொல்ல முடியாது.