குழந்தைக்குத் தீர்ப்பெழுதாதீர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். பயிருக்குப் பொருந்தும் இப்பழமொழியைப் பிள்ளைகளின் மனத்துக்கும் பொருத்தும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது? தனித்து விளையாடும் குழந்தையை, காலந்தாழ்த்திப் பேசும் குழந்தையை, காதில் ஏதோ குரல் கேட்கிறது என்று சொல்லும் குழந்தையைச் சுட்டி, ‘இது பின்னாளில் மனநோயில்தான் போய் முடியும்’ என்று உறுதி கூறுவோர் உளர். அவர்கள் துணைக்கு அழைப்பது அறிவியலை. அறிவியல் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா?

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரின் வாழ்வை ஆய்வாளர்கள் இன்றளவும் பின்தொடர்ந்து வருகின்றனர். அவர்கள் 11 வயதுப் பிள்ளைகளாய் இருந்தபோது, பிறருக்குக் கேளாத குரல் கேட்டதுண்டா, பிறர் தம் மனத்தைப் படித்ததுண்டா, யாரேனும் தம்மை வேவு பார்த்ததுண்டா என்றெல்லாம் வினவப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலகை உலுக்கியது. அத்தகைய அறிகுறிகளை வலுவாக உரைத்த பிள்ளைகள், 26 வயதுக்குள் மனச்சிதைவு வகை நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு ஏறத்தாழ 16 மடங்கு!

இந்த 16 என்ற எண்ணைப் பற்றிக்கொண்டு பதறுவோர், அதே ஆய்வு கூறும் மற்ற உண்மைகளைப் படிப்பதில்லை. வலுவான அறிகுறி கொண்ட அப்பிள்ளைகளுள்ளும் அந்நோய்க்கு ஆளானோர் நால்வரில் ஒருவரே. மறுபுறம், 26 வயதில் நோயுற்றிருந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள், 11 வயதில் எந்த அறிகுறியையும் கூறாதவர்கள். அன்றே முத்திரை குத்திப் பிரித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? மூவருக்கு அநீதி, நோயுறவிருந்தோரில் பெரும்பாலோர் நம் கண்ணிலேயே பட்டிரார்.

பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்தோரை ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட முடிவும் இத்தகையதே. பிற்காலத்தில் மனச்சிதைவுற்றோர், குழந்தையாய் இருந்தபோது மற்றவர்களைவிடச் சராசரியாக ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாய்த் தாமதித்தே நடந்தனர். ஆயின், சற்றே தாமதித்து நடந்து நலமாய் வாழும் எத்தனையோ பேரை நாம் அறிவோமே!

அப்படியானால் குழந்தையின் சொல்லைப் பொருட்படுத்த வேண்டாவா? கட்டாயம் பொருட்படுத்த வேண்டும்! டுனெடின் பிள்ளைகள் 38 வயதை எட்டிய பின் 2013இல் வெளியான ஆய்வு, சிறுவயதில் அறிகுறி கண்டோரிடையே கொடுநிகழ்வுகளின் பின்வரும் மனவடுவும் தற்கொலை முயற்சியும் மிகுந்திருந்ததைக் காட்டுகிறது. ஆக, அக்குரல் நாளைய நோய் ஒன்றின் முன்னறிவிப்பு மட்டுமன்று. இன்றைய துயரின் முறையீடு. முறையிடும் குழந்தைக்கு முத்திரை குத்துவது எவ்வகை நியாயம்?

தீர்ப்பெழுதும் கை குழந்தையோடு நிற்பதில்லை. தாயையும் தேடி வரும். மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்னும் சொல்லாட்சியை 1948இல் மனநல மருத்துவர் ஃபிரீடா ஃபிராம்-ரைக்மன் எழுதினார். சான்றில்லாத அக்கருத்து, பிள்ளையின் நோயால் நொந்த அன்னையரைப் பல ஆண்டுகள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அறிவியல் அதனைக் கைவிட்டுவிட்டது. நம் நாவு கைவிட்டதா?

நோய்க்குக் காரணம் ஒன்றன்று. மரபணுவுக்குப் பங்குண்டு, ஆயினும், ஒரே கருவில் உருவான இரட்டையருள் ஒருவர் நோயுற்றால் மற்றவரும் நோயுற்றே தீர்வார் என்பதில்லை. குழந்தைப் பருவத்தில் அடி, வன்முறை, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, சக மாணவரின் கொடுமை ஆகியவற்றுக்கு ஆளானோர்க்கு உளநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு எனப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் கண்டனர். மரபணுவை நம்மால் மாற்ற இயலாது. பிரம்பைக் கீழே வைக்க இயலும். வகுப்பறையின் ஏளனத்தை நிறுத்த இயலும்.

எனவே, ‘இக்குழந்தை நாளை என்னவாகும்?’ என்று குறி கேட்பதை விடுவோம். ‘இன்று உனக்கு என்ன நேர்ந்தது?’ என்று அருகில் அமர்ந்து கேட்போம். தேவைப்படின், வெட்கமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். குழந்தை நம்மிடம் கேட்பது தீர்ப்பை அன்று, துணையை.